அத்தியாயம் 5: திரும்பும் வழியை முதலில் போடுங்கள்

புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறீர்கள். பள்ளிக்கும் ஜவுளிக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் கொடுக்கிறீர்கள். கெட்டுப்போனால் நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு டெவ்ஆப்ஸ் என்ற சொல் கொஞ்சம் மிரட்டலாகத்தான் தெரியும். வேலை விளம்பரங்களில் அது பத்துப் பதினைந்து கருவிகளின் பெயர்ப்பட்டியலாக வருகிறது. அந்தப் பட்டியல் இந்த அத்தியாயத்தில் இல்லை. மென்பொருளை அடிக்கடி மாற்றவும் வேண்டும், மாற்றும்போது வாடிக்கையாளரின் வேலை நிற்கவும் கூடாது. இரண்டும் நடக்க எதை எந்த வரிசையில் பழகுவது என்பதுதான் இங்கே பேச்சு.

கோட்பாட்டுக்கு ஒரு பத்தி போதும். நிரல் எழுதுபவர் ஒரு பக்கம், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் மறுபக்கம் என்று எதிரும் புதிருமாக நின்ற காலத்தில், 2009 ஜூனில் நடந்த வெலாசிட்டி மாநாட்டில் ஃப்ளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் தாங்கள் ஒரே நாளில் பத்து முறைக்கு மேல் புது நிரலை ஏற்றுவதாகச் சொன்னார்கள். இரு தரப்பும் ஒரே பொறுப்பைச் சேர்ந்து சுமப்பதால்தான் அது முடிகிறது என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேட்ரிக் டெபுவா கூட்டிய மாநாட்டிலிருந்து டெவ்ஆப்ஸ் என்ற பெயர் பரவியது. 2010இல் ஜான் வில்லிஸும் டேமன் எட்வர்ட்ஸும் இதன் விழுமியங்களை நான்காக வகுத்தார்கள்: பணிப் பண்பாடு, தானியக்கம், அளவீடு, பகிர்வு.

கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் தானியக்கத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குத்தான் வீடியோ கிடைக்கிறது, சான்றிதழும் கிடைக்கிறது. அது தவறான தொடக்கம் என்பது என் முடிவு. தானியக்கம் சரியான வேலையை எவ்வளவு வேகமாகச் செய்யுமோ, தப்பான வேலையையும் அவ்வளவு வேகமாகச் செய்யும். கண்மாய்க்குக் கரை போடும்போதே உபரி நீர் வெளியேறக் கலிங்கும் கட்டிவிடுவார்கள். வெள்ளம் வந்த பிறகு யாரும் கட்டுவதில்லை. தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழி முதலில், வேகம் அதற்குப் பிறகு. மற்ற விழுமியங்கள் இந்த வரிசைக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உதாரணத்துக்கு, கீரமங்கலத்தில் ஒரு பூ கமிஷன் கடைக்கு நீங்கள் பில் மென்பொருள் எழுதித் தந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் வருகின்றன. விவசாயி பெயர், பூ வகை, எடை, விலை, கமிஷன், முன்பணப் பிடித்தம் எல்லாம் ஒரு சீட்டில் ஏறுகின்றன. பூ காத்திருக்காது. அரை மணி நேரம் மென்பொருள் நின்றாலும் கடைக்காரர் நோட்டை எடுத்துவிடுவார். அடுத்த முறை உங்களைக் கூப்பிட யோசிப்பார்.

படி 1: பேக்கப்பை மீட்டுப் பாருங்கள்

"நாங்கள் தினமும் பேக்கப் எடுக்கிறோம்" என்று சொல்லாத குழு இல்லை. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனமும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. இரவு வெகுநேரம் வேலை பார்த்த ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்புறையை முதன்மைச் சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது பல நாட்களாகவே எடுக்கப்படவில்லை. பேக்கப் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களையும் அஞ்சல் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

பேக்கப் எடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஒரு கோப்பின் பெயரைக் காட்டினால் பதில் ஆகாது. அந்தக் கோப்பிலிருந்து மீட்டெடுத்துக் காட்டினால்தான் பதில். செய்யும் முறை இது:

1. இரவு கடை மூடிய பிறகு பேக்கப் தானாக ஓடட்டும். முடிந்ததும் "வெற்றி" என்று உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும். தோல்விச் செய்தியை மட்டும் நம்பாதீர்கள். வெற்றிச் செய்தி வராத நாளே உங்களுக்கு எச்சரிக்கை.
2. ஒரு நகல் கடையில், ஒரு நகல் உங்கள் அலுவலகத்தில், ஒரு நகல் மாவட்டத்துக்கு வெளியே. வெளியே போவதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி அனுப்புங்கள்.
3. மாதம் ஒரு முறை, ஒன்றும் இல்லாத வெற்றுக் கணினியில் மீட்டுப் பாருங்கள். கடைசிச் சீட்டு எண், அன்றைய மொத்தத் தொகை, ஏதாவது மூன்று விவசாயிகளின் முன்பண பாக்கி ஆகியவற்றை அசலோடு ஒப்பிடுங்கள்.
4. மீட்க எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். கடை நின்றுபோகும் நாளில் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மாவட்டத்துக்கு வெளியே ஒரு நகல் எதற்கு என்று புதுக்கோட்டையில் யாரும் கேட்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. கூரை பறந்த கடையில் கணினியும், அதே மேசை டிராயரில் பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். "மின்சாரமும் நெட்டும் இல்லாதபோது மும்பை சர்வரில் இருக்கும் நகலை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த நகல் புயல் நாளில் பில் போடுவதற்கல்ல. புயல் ஓய்ந்த பிறகு யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சண்டையில்லாமல் சொல்வதற்கு. புயல் நாளுக்கு வேண்டியது வேறு: புயல் எச்சரிக்கை வந்த அன்றே பாக்கிப் பட்டியலை அச்செடுத்துக் கடைக்காரர் கையில் கொடுங்கள்; பில் புத்தகம் ஒன்றும் இருக்கட்டும். கணினி இல்லாமலும் கடை நடக்க வழி வைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

படி 2: பழைய பதிப்புக்குத் திரும்பிப் பழகுங்கள்

நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனத்தின் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் அதன் மிக முக்கியமான பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் புது நிரல் இருக்க வேண்டியது, ஏழில்தான் இருந்தது. எட்டாவதில், வருடக்கணக்காகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, சுமார் 45 நிமிடம் கண்மூடித்தனமாகப் பங்குகளை வாங்கி விற்றது. 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இதுவரை எல்லாருக்கும் தெரியும். விட்டுப்போவது இது: பதற்றத்தில் அவர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்று நினைத்தார்கள். விளைவு, அவற்றிலும் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, ஒரு சர்வர் செய்த தப்பை எட்டும் செய்ய ஆரம்பித்தன.

திரும்பும் வழி ஏட்டில் இருந்தால் போதாது, கை பழகியிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒவ்வொரு பதிப்பையும் கிட் (Git) என்ற பதிப்புக் கருவியில் எண்ணிட்டு வையுங்கள். சர்வரில் புதியதைப் பழையதன் மேல் எழுதாதீர்கள். தனிக் கோப்புறையில் வைத்து, எது ஓட வேண்டும் என்பதை ஒரு சுட்டியால் மாற்றுங்கள். புதியதை ஏற்றும் ஒவ்வொரு முறையும் சோதனைக் கணினியில் முதலில் ஏற்றி, பழையதற்குத் திரும்பி, மறுபடி ஏற்றிப் பார்த்த பிறகே அசல் சர்வரைத் தொடுங்கள்.

நிரலைத் திருப்புவது எளிது; டேட்டாபேஸைத் திருப்புவதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். இதுவரை எல்லாப் பூவுக்கும் ஒரே கமிஷன். இனி பூ வகைக்கு ஒரு கமிஷன் வேண்டும் என்கிறார் கடைக்காரர். அவசரத்தில் பழைய கமிஷன் பத்தியை (column) நீக்கிவிட்டுப் புது அட்டவணை போட்டால், மறுநாள் தப்பு தெரிந்து பழைய நிரலுக்குத் திரும்பும்போது அது தேடும் பத்தி அங்கே இருக்காது. இரவு எடுத்த பேக்கப்பை மீட்டாலோ காலையில் போட்ட சீட்டெல்லாம் போய்விடும். இந்த மாற்றத்தை மூன்று தவணையாகச் செய்யுங்கள்:

1. புது அட்டவணையைச் சேருங்கள். பழைய பத்தி அப்படியே இருக்கட்டும். நிரல் இரண்டிலும் எழுதட்டும், பழையதிலிருந்தே படிக்கட்டும்.
2. சில நாள் கழித்து, இரண்டின் கணக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து, புதியதிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எழுதுவது தொடரட்டும்.
3. ஒரு மாதக் கணக்கு முடிந்த பிறகு, பழைய பத்தியில் எழுதுவதை நிறுத்திவிட்டு அதை நீக்குங்கள்.

முதல் இரண்டு தவணையிலும் எந்த நிமிடமும் பின்வாங்கலாம். மூன்றாவதில் முடியாது. அதனால்தான் அதைத் தள்ளிப்போடுகிறோம்.

படி 3: மாற்றத்தைச் சிறிதாக்குங்கள்

மூன்று மாத வேலையைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் ஏற்றினால், தப்பு வரும்போது அது நாற்பது மாற்றங்களில் எதில் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். ஒரு மாற்றத்தை மட்டும் ஏற்றியிருந்தால் தேடுவதற்கே ஒன்றுமில்லை. இதற்கு வழக்கமான மறுப்பு: "அடிக்கடி கை வைத்தால் அடிக்கடி கெடும்." கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நிகோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் ஆயிரக்கணக்கானோரிடம் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட 'ஆக்ஸிலரேட்' நூல் நேர்மாறாகச் சொல்கிறது. அடிக்கடி ஏற்றுபவர்களே குறைவாகக் கெடுக்கிறார்கள், கெட்டாலும் சீக்கிரம் சரிசெய்கிறார்கள். வேகமும் நிதானமும் ஒன்றையொன்று தின்பவை அல்ல. இதில் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பும் வழி இல்லாதவர் அடிக்கடி ஏற்றினால் அந்தப் பழைய மறுப்பே உண்மையாகிவிடும். படி 3க்கு முன்னால் படி 1ம் 2ம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு மறுப்பு கடைக்காரரிடமிருந்து வரும்: "தினம் தினம் திரை மாறினால் என் பையன் குழம்புவான்." ஏற்றுவது வேறு, காட்டுவது வேறு. புது வசதியை ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைத்து ஏற்றிவிடுங்கள். கடைக்காரர் தயாரான நாளில் திறந்துவிடுங்கள். வேலை முடிந்த சுவிட்சை நிரலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய சுவிட்சின் பெயரைப் புது வேலைக்கு மறுபடி பயன்படுத்தவே கூடாது. நைட் கேபிடலில் செத்த நிரலை எழுப்பியது அப்படி மறுபடி பயன்படுத்திய ஒரு சுவிட்ச்தான்.

*குறிப்பு:* ஏற்றுவதற்கு நல்ல நேரம், வரத்து ஓய்ந்த பிற்பகல். உங்கள் ஆட்கள் விழித்திருப்பார்கள், சரிசெய்ய நேரமும் இருக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள், ஆயுத பூஜை, பொங்கல் வாரம் இவற்றில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: எழுதுங்கள், பிறகு இயந்திரத்திடம் கொடுங்கள்

இப்போதுதான் தானியக்கம். புது பதிப்பை ஏற்ற என்னென்ன செய்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். அந்தத் தாளை மட்டும் வைத்து, எழுதாத இன்னொருவர் ஏற்ற வேண்டும். நீங்கள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்த அறிவு. பகிர்வு என்ற விழுமியம் இந்த ஒரு பயிற்சியில் அடங்கிவிடும். "நாங்கள் இரண்டே பேர், எங்களுக்குள் என்ன பகிர்வு?" என்பவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டும். இருபது பேர் குழுவில் ஒருவர் ஊருக்குப் போனால் பத்தொன்பது பேர் மிச்சம். உங்கள் குழுவில் பாதி காலி.

தாள் தடுமாறாமல் ஓட ஆரம்பித்த பிறகு அதையே ஸ்கிரிப்டாக மாற்றுங்கள். முதல் வரி பேக்கப் எடுக்கட்டும். நடுவில் எது தோற்றாலும் அங்கேயே நிற்கட்டும். கடைசியில் ஒரு மாதிரிச் சீட்டைப் போட்டுக் கணக்குச் சரியா என்று பார்க்கட்டும். இந்த அளவுக்கு வந்துவிட்டால் பெரிய கருவிகள் வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். பல சிறு குழுக்களுக்கு வேண்டியிருக்காது.

*கவனம்:* உங்கள் மடிக்கணினியிலிருந்து சர்வருக்கு இணைப்புப் போட்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரமோ நெட்டோ போனால் வேலை பாதியில் தொங்கும். பாதி ஏறிய பதிப்பு, ஏறாததைவிட மோசம். ஸ்கிரிப்டைச் சர்வரிலேயே டீமக்ஸ் (tmux) போன்ற கருவி ஒன்றுக்குள் ஓட விடுங்கள். இணைப்பு அறுந்தாலும் அங்கே வேலை தொடரும். சர்வர் கடையிலேயே இருந்தால், மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துக்கொண்டு, யுபிஎஸ்ஸையும் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 5: நான்கே எண்கள்

அளவீடு என்ற விழுமியத்துக்கு இவை போதும்: எத்தனை முறை ஏற்றினோம், எழுதி முடித்தது கடைக்குப் போய்ச் சேர எத்தனை நாள், ஏற்றியதில் எத்தனை கெட்டது, கெட்டதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம். ஒரு நோட்டுப் போதும். ஐந்தாவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: கோளாறை முதலில் கண்டது நாமா, கடைக்காரரா? அவர் போன் செய்துதான் நமக்குத் தெரிகிறது என்றால் நம் அலர்ட் எதுவும் வேலை செய்யவில்லை.

படி 6: கெட்டுப்போன நாளில்

வரிசை மாறக் கூடாது:

1. கடைக்காரருக்கு ஒரு வரிச் செய்தி: கோளாறு தெரியும், பில் புத்தகத்தில் போடுங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
2. காரணம் தேடாமல் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். பிழையைத் தேடுவது கடை ஓட ஆரம்பித்த பிறகு.
3. ஒருவர் கை வைக்கட்டும், இன்னொருவர் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறிக்கட்டும். அழிக்கும் கட்டளை எதுவானாலும் சர்வர் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே அழுத்துங்கள்.
4. மறுநாள் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

நான்காவதில்தான் பண்பாடு என்ற விழுமியத்துக்குச் சோதனை. யார் தலையில் கட்டுவது என்று கூட்டம் தொடங்கினால், அடுத்த முறை தப்பு செய்தவர் சொல்லாமல் மறைப்பார். "யாரையும் கேட்கக் கூடாது என்றால் பொறுப்பு எப்படி வரும்?" என்ற எதிர்வாதம் வலுவானது. நடந்ததை முழுவதும் சொல்வதும், மறுபடி நடக்காமல் தடுப்பைப் போட்டு முடிப்பதும்தான் பொறுப்பு. திட்டு வாங்குவதால் எந்தத் தடுப்பும் முளைப்பதில்லை. கிட்லேப் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது, காரணங்களையும் விரிவாக வெளியிட்டது. அந்தப் பொறியாளரை வெளியேற்றியிருந்தால் தோற்றதே தெரியாத பேக்கப் அப்படியேதான் இருந்திருக்கும். நைட் கேபிடலில் அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே 97 மின்னஞ்சல்கள் கோளாறைக் குறிப்பிட்டுப் போயின. அவற்றைப் பார்த்து நடவடிக்கை எடுப்பது யார் வேலை என்று வகுத்து வைக்கவில்லை. ஒரு ஆளைக் குற்றம் சொல்லி அந்த ஓட்டையை அடைக்க முடியுமா?

பாதுகாப்பு: விடவே கூடாதவை

- பாஸ்வேர்டைக் கிட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் அழிப்பது போதாது, பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.
- அசல் விவசாயிகளின் கைப்பேசி எண்ணை வைத்துச் சோதிக்காதீர்கள். சோதனைச் செய்தி நள்ளிரவில் அவர்களுக்கே போய்ச் சேரும்.
- அசல் சர்வரின் திரை சிவப்பு, சோதனைச் சர்வரின் திரை பச்சை. கிட்லேப்பில் நடந்தது போன்ற குழப்பத்துக்கு இது மலிவான மருந்து.
- இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவைப் படியுங்கள். சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும், அதில் சொல்லியுள்ள இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அது சொல்கிறது.

இதற்கெல்லாம் நேரம் ஏது?

கடைசி மறுப்பு இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட உண்மையானதும் இதுதான். நம் பக்கம் மென்பொருளை ஒரு தடவை விற்கும் பொருளாகத்தான் பேரம் பேசுகிறார்கள். விற்ற பிறகு ஓட்டிக்கொடுப்பது இலவசம், கூப்பிட்டால் வர வேண்டும். இந்த ஏற்பாட்டில் பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் அரை மணி நேரத்துக்குக் கூலி இல்லை, ஆகவே அது நடக்காது. ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொடுப்பதற்கு மாதக் கட்டணம் என்று தனி வரி போடுங்கள். அதற்கு ஈடாக, மாதம் ஒரு முறை மீட்டுப் பார்த்த தேதியையும் ஆன நிமிடத்தையும் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். கட்டணம் குறைவாக இருக்கலாம், அதில் விட்டுக்கொடுங்கள். அந்த வரியே வேண்டாம் என்பவருக்கு மென்பொருள் எழுதித் தராதீர்கள்.